கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரில் சும்மா கிடக்கிறது, சிலிக்கன் டெட்ராகுளோரைடு ஏன் சீறுகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "கார்பனும் சிலிக்கனும் ஒரே தொகுதி. இரண்டும் நான்கு குளோரினோடு சேர்ந்து ஒரே வடிவ மூலக்கூறைத் தருகின்றன. ஒன்று தண்ணீரில் கரையாமல் அடியில் கிடக்கிறது, இன்னொன்று தண்ணீர் பட்டதுமே சிதைகிறது. சிலிக்கனில் காலியான டி ஆர்பிட்டால் இருப்பதுதான் காரணம் என்று படித்தேன். அப்படியானால் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு ஏன் நீராற்பகுப்பு அடைகிறது? நைட்ரஜனில் டி ஆர்பிட்டாலே கிடையாதே?"

நல்ல கேள்வி. (ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான்கள் தங்கும் இடம், நீராற்பகுப்பு என்பது தண்ணீரோடு வினைபுரிந்து சிதைவது.) கடைசி வரியில் விடைக்கான பாதி வழியை அவரே கண்டுபிடித்துவிட்டார். மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அலோக ஹேலைடுகள் (உலோகமல்லாத தனிமங்கள் குளோரின், புளூரின் போன்றவற்றோடு சேர்ந்த சேர்மங்கள்) பற்றி மனப்பாடம் செய்யும் பத்துப் பதினைந்து சமன்பாடுகளும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் கண்ணால் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் கார்பன் டெட்ராகுளோரைடு எடுத்து மேலே தண்ணீர் ஊற்றினால், அடர்த்தி 1.59 என்பதால் அது அடியில் தங்கும். குலுக்கினால் சின்னச் சின்ன முத்துகளாக உடையும், வைத்த அரை நிமிடத்தில் மறுபடி இரண்டு அடுக்காகிவிடும். மேல் அடுக்கில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு வராது. ஒரு குளோரைடு அயனிகூட வெளியே வரவில்லை என்று பொருள். (நான் படித்த காலத்தில் இதை ஆய்வகத்தில் செய்தோம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இப்போது அந்தத் திரவம் எளிதில் கிடைப்பதில்லை. ஈரலுக்கும் அது கெடுதி. கிடைக்காததில் வருத்தம் வேண்டாம்.)

சிலிக்கன் டெட்ராகுளோரைடு குப்பியின் மூடியைத் திறந்தாலே போதும், வாயிலிருந்து வெண்புகை வழியும். காற்றிலுள்ள ஈரமே அதற்குத் தண்ணீர். மழை மாதத்தில் புகை இன்னும் அடர்த்தியாக இருக்கும். தேய்த்த கண்ணாடி மூடி போட்ட குப்பி என்றால், நாலைந்து முறை திறந்து மூடியதும் கழுத்தில் வெள்ளையாகச் சிலிக்கா படிந்து மூடி இறுகிவிடும். அப்படித் திறக்கவே முடியாமல் போன குப்பிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் சுர்ரென்று சத்தம், குழாய் கையில் சுடும், ஹைட்ரஜன் குளோரைடின் நெடி மூக்கைக் குத்தும், அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி போல ஒரு வெள்ளைக் கூழ் தங்கும். அந்தக் கூழ்தான் சிலிசிக் அமிலம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவான சிலிக்கா.

இது எவ்வளவு தீவிரமான வினை என்பதை 1974 ஏப்ரலில் சிக்காகோ நகரம் பார்த்தது. ஒரு சேமிப்பு முனையத்தின் பெரிய தொட்டியிலிருந்து சிலிக்கன் டெட்ராகுளோரைடு கசிந்து, ஈரக்காற்றோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு மேகமாகக் கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. வேறு கசிவாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடக்கலாம். இங்கே தண்ணீர்தானே வினைப்பொருள்?

சரி, ஏன் இந்த வித்தியாசம்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கார்பன் டெட்ராகுளோரைடு நிலையானது, அதனால் வினைபுரியவில்லை என்பது. கணக்குப் போட்டால் அது நிற்காது. கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆனால், கட்டிலா ஆற்றல் (ஒரு வினை தானாக நடக்குமா என்பதைச் சொல்லும் அளவு, குறைந்தால் நடக்கலாம்) மோலுக்குச் சுமார் 380 கிலோஜூல் குறையும். சிலிக்கன் டெட்ராகுளோரைடு சிலிக்காவாக மாறும்போது குறைவது ஏறக்குறைய 290 கிலோஜூல்தான். ஆற்றலை மட்டும் பார்த்தால் கார்பன் சேர்மம்தான் இன்னும் ஆர்வமாகச் சிதைய வேண்டும்!

அடுத்துத் தோன்றுவது, சிலிக்கன்–குளோரின் பிணைப்பு வலுக்குறைந்தது, அதனால் சுலபமாக உடைகிறது என்பது. அதுவும் தலைகீழ். சிலிக்கன்–குளோரின் பிணைப்பின் ஆற்றல் சுமார் 380 கிலோஜூல், கார்பன்–குளோரின் பிணைப்புக்குச் சுமார் 330. வலுவான பிணைப்புதான் நொடியில் உடைகிறது.

ஆக, கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரோடு வினைபுரிய எல்லா நியாயமும் இருக்கிறது. வழிதான் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஊர் தாழ்வான இடத்தில் இருக்கிறது, ஆனால் நடுவில் கணவாய் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் இந்த மலையின் உயரத்தைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம். போதுமான வெப்பம் கொடுத்தால் மலையையே ஏறிக் கடக்கலாம். மிகச் சூடான நீராவியோடு கார்பன் டெட்ராகுளோரைடும் சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவைத் தரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தத் திரவத்தைத் தீயணைப்பானாகப் பயன்படுத்தினார்கள். எரியாத பொருள், அணைப்பதற்கு வசதி. ஆனால் நெருப்பின் சூட்டில் பாஸ்ஜீன் உண்டாகி, மூடிய அறையில் தீயை அணைக்கப் போனவர்களே பாதிக்கப்பட்டார்கள். அறை வெப்பநிலையில் கையில் எடுத்த நிதானமான திரவமும் இதுவும் ஒன்றேதான்.

இப்போது கணவாய் எங்கே என்று பார்ப்போம். தண்ணீர் ஒரு மூலக்கூறைத் தாக்கும்போது வேலை செய்வது அதிலுள்ள ஆக்சிஜன். அதனிடம் இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கொடுக்க இன்னொரு அணு வேண்டும். அந்த அணு ஓரளவு நேர்மின் சுமையோடு இருக்க வேண்டும், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளக் காலியான ஆர்பிட்டால் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆக்சிஜன் பக்கத்தில் வந்து நிற்க இடமும் வேண்டும்.

இடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாடங்களில் அதிகம் பேசப்படாதது அதுதான். கார்பன்–குளோரின் பிணைப்பு நீளம் 177 பிக்கோமீட்டர், சிலிக்கன்–குளோரின் 202. இரண்டுமே நான்முகி, அதாவது நடு அணுவைச் சுற்றிச் சம இடைவெளியில் நான்கு மூலைகளில் நான்கு குளோரின். எனவே அடுத்தடுத்த குளோரின் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சுலபமாகக் கணக்கிடலாம், பிணைப்பு நீளத்தை 1.633 ஆல் பெருக்கினால் போதும். கார்பனில் 289, சிலிக்கனில் 330 பிக்கோமீட்டர் வரும். ஒன்றோடொன்று பிணையாத இரண்டு குளோரின் அணுக்கள் சங்கடமில்லாமல் உட்கார விரும்பும் தூரம் ஏறக்குறைய 350. கார்பனைச் சுற்றி அவை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. தண்ணீர் ஒரு குளோரினைப் பின்பக்கமிருந்து தள்ளிவிட வேண்டுமானால், மற்ற மூன்று குளோரின்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். அந்த முக்கோணச் சந்தில் ஆக்சிஜன் நுழைய முடியாது. சிலிக்கனில் சந்து அகலம், உள்ளே இருக்கும் அணுவும் பெரியது.

அடுத்தது சுமை. எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பிலுள்ள எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், கார்பனுக்கு 2.55, சிலிக்கனுக்கு 1.90, குளோரினுக்கு 3.16. சிலிக்கனிடமிருந்து குளோரின் எலக்ட்ரான்களை இழுப்பது அதிகம். ஆகவே சிலிக்கன் அதிக நேர்மின் தன்மையோடு, ஆக்சிஜனைக் கூப்பிடும் நிலையில் இருக்கிறது.

மூன்றாவதுதான் காலி ஆர்பிட்டால். இங்கேதான் டி ஆர்பிட்டால் கதை வருகிறது. சிலிக்கனின் மூன்றாவது கூட்டில் 3டி காலியாக இருக்கிறது, தண்ணீரின் எலக்ட்ரான் இரட்டை அதில் போய் உட்காருகிறது, கார்பனுக்கு இரண்டாவது கூட்டில் டி கிடையாது, முடிந்தது. கேட்கச் சுலபமான விளக்கம். ஆனால் சிலிக்கன், பாஸ்பரஸ், சல்பர் ஆகியவற்றின் 3டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மிக உயரத்தில் இருக்கின்றன, அணுக்கருவிலிருந்து தள்ளிப் பரவிக் கிடக்கின்றன. 1980களிலும் 1990ஐ ஒட்டியும் வந்த குவாண்டம் கணக்கீடுகள், இந்த மூலக்கூறுகளின் பிணைப்பில் டி ஆர்பிட்டாலின் பங்கு மிகக் குறைவு என்று காட்டிவிட்டன. எலக்ட்ரான் போய்ச் சேரும் உண்மையான இடம் சிலிக்கன்–குளோரின் பிணைப்பின் சிக்மா எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்.

இந்தச் சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். இரண்டு அணுக்களின் ஆர்பிட்டால்கள் சேரும்போது, ஒரு பிணைப்பு ஆர்பிட்டாலும் ஒரு எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலும் உருவாகும். எலக்ட்ரான் இரட்டை முதலாவதில் உட்கார்ந்துவிடும், இரண்டாவது காலியாக இருக்கும். குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நிறைந்த ஆர்பிட்டாலின் பெரும்பகுதி குளோரின் பக்கம். அதற்கு ஈடாக, காலி ஆர்பிட்டாலின் பெரும்பகுதி சிலிக்கன் பக்கம், குளோரினுக்கு நேர் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் எலக்ட்ரான் ஏற ஏற எதிர்முனையில் இருக்கும் குளோரினின் பிடி தளரும். சில கணத்துக்குச் சிலிக்கனைச் சுற்றி ஐந்து அணுக்கள் இருக்கும், பிறகு குளோரைடு அயனி விலகும், ஆக்சிஜனில் இருந்த ஒரு புரோட்டானும் கழன்றுகொள்ளும். ஒரு குளோரினின் இடத்தில் இப்போது ஹைட்ராக்சில். இதே நான்கு முறை நடந்தால் ஆர்த்தோசிலிசிக் அமிலம்.

டி ஆர்பிட்டால் கதையை மட்டும் நம்பினால் எங்கே இடறுவோம் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது மேலே சொன்ன பாஸ்ஜீன். அதுவும் கார்பனின் குளோரைடுதான், ஒரு ஆக்சிஜனும் இரண்டு குளோரினும் கொண்டது. அந்தக் கார்பனுக்கும் டி ஆர்பிட்டால் இல்லை. ஆனாலும் அது தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் ஆகிறது. காரணம், அந்தக் கார்பனைச் சுற்றி மூன்று அணுக்கள்தான், அதுவும் தட்டையாக. மேலிருந்தும் கீழிருந்தும் வழி திறந்திருக்கிறது, ஆக்சிஜனோடு உள்ள இரட்டைப் பிணைப்பின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்கிறது. ஹேலைடு அல்லாத ஓர் உதாரணமும் சொல்கிறேன், நம் நாட்டில் யாரும் மறக்க முடியாதது. 1984 டிசம்பரில் போபாலில் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது மீத்தைல் ஐசோசயனேட்டில் தாக்கப்பட்டதும் ஒரு கார்பன் அணுதான். இரண்டே அணுக்களுக்கு நடுவில், பக்கவாட்டில் முழுவதும் திறந்து கிடக்கும் கார்பன்.

இரண்டாவது சல்பர் ஹெக்சாபுளூரைடு. சல்பருக்குச் சிலிக்கனைப் போலவே 3டி இருக்கிறது. பாடக்கதைப்படி அது தண்ணீரோடு வினைபுரிய வேண்டும். ஆற்றல் கணக்கும் 200 கிலோஜூலுக்கு மேல் சாதகமாக இருக்கிறது. ஆனால் எதுவும் நடப்பதில்லை. நீராவியோடு பல நூறு டிகிரிக்குச் சூடாக்கினாலும் அசையாது. ஆறு புளூரின் அணுக்கள் எட்டுத் திக்கும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, கணவாய் இல்லை. இந்த அசையாத தன்மையால்தான் துணை மின்நிலையங்களின் சர்க்யூட் பிரேக்கர்களில் அதை நிரப்பி வைக்கிறார்கள். அதே தன்மைதான் சிக்கலும். காற்றில் கசிந்தால் பல நூற்றாண்டுகள் அழியாமல் இருக்கிறது, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போலச் சுமார் 24,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மழை எத்தனை பெய்தாலும் அதைக் கழுவ முடியாது.

அதிலிருந்து இரண்டு புளூரினை எடுத்துவிட்டால் சல்பர் டெட்ராபுளூரைடு. இது தண்ணீர் பட்டதும் மூர்க்கமாகச் சிதைந்து ஹைட்ரஜன் புளூரைடை விடும். அதே சல்பர், அதே 3டி. மாறியது, ஒரு பக்கம் திறந்தது என்பது மட்டுமே. தொகுதியில் இன்னும் கீழே போனால் டெல்லூரியம் ஹெக்சாபுளூரைடு. ஆறு புளூரின் இருந்தாலும் டெல்லூரியம் உருவத்தில் பெரியது, ஏழு எட்டு அணுக்களைக்கூடச் சுற்றி வைத்துக்கொள்ளும். அதனால் அது மெதுவாக நீராற்பகுப்பு அடைந்து டெல்லூரிக் அமிலம் தருகிறது. அளவு என்பது எவ்வளவு பெரிய காரணி என்று காட்ட இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

போரான் ட்ரைகுளோரைடை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. போரானில் பி ஆர்பிட்டால் ஒன்று முழுதாகக் காலி, மூலக்கூறு தட்டை, இரண்டு பக்கமும் திறப்பு. தண்ணீர் ஏறி உட்கார்ந்து, போரிக் அமிலம் வருகிறது.

இப்போது மாணவர் கேட்ட நைட்ரஜன் ட்ரைகுளோரைடு. இந்தச் சேர்மத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் டியூலாங்கின் நினைவு வரும். 1811இல் இதைக் கண்டுபிடித்தவர் அவர். மஞ்சள் நிற எண்ணெய் போன்ற இந்தத் திரவம் வெடித்ததில் ஒரு கண்ணையும் கை விரல்களையும் இழந்தார். 1812இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியும் இதே திரவத்தால் கண்ணில் காயம்பட்டார். எழுத்து வேலைக்கு உதவியாக அப்போது வந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே. அடுத்த ஆண்டு ஃபாரடே டேவியின் ஆய்வக உதவியாளர் ஆனார்.

நைட்ரஜனில் டி ஆர்பிட்டால் இல்லை, எட்டு எலக்ட்ரான்களும் நிறைந்துவிட்டன, போதாததற்குத் தனித்த எலக்ட்ரான் இரட்டை வேறு. ஆக்சிஜன் நைட்ரஜனிடம் போக முடியாது, சரிதான். ஆனால் ஆக்சிஜன் நடு அணுவைத்தான் தாக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! எலக்ட்ரான் கவர்திறனைப் பாருங்கள்: நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16. ஏறக்குறைய சமம். சிலிக்கனிடம் செய்தது போல நைட்ரஜனிடமிருந்து குளோரினால் எலக்ட்ரானைப் பறித்துவிட முடியவில்லை. ஆகவே இங்கே ஆக்சிஜன் பிடித்துக்கொள்வது வெளியே இருக்கும் குளோரினை. நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இரட்டையால் தண்ணீரின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. முடிவில் அம்மோனியாவும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் கிடைக்கின்றன.

விளைபொருள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகும். பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு தண்ணீரோடு பாஸ்பரஸ் அமிலமும் ஹைட்ரஜன் குளோரைடும் தருகிறது. ஹைட்ராக்சில் பாஸ்பரஸிடம் போனது, ஹைட்ரஜன் குளோரினிடம் போனது. நைட்ரஜன் ட்ரைகுளோரைடில் நேர் எதிர், ஹைட்ராக்சில் குளோரினிடம், ஹைட்ரஜன் நைட்ரஜனிடம். பாஸ்பரஸின் எலக்ட்ரான் கவர்திறன் 2.19 தான் என்பதால் ஆக்சிஜனைக் கூப்பிடும் அணு அங்கே பாஸ்பரஸ். ஒரே தொகுதியின் இரண்டு குளோரைடுகள், ஒரே தண்ணீர், தாக்கும் இடம் மாறியதும் விளைபொருளே மாறிவிட்டது. இந்த ஒப்பீட்டை ஒருமுறை புரிந்துகொண்டால் இரண்டு சமன்பாடுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

நைட்ரஜன் ட்ரைகுளோரைடை நீங்களும் முகர்ந்திருக்கலாம். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைத்துக் கண்ணைக் கரிக்க வைக்கும் நெடியில், நாம் குளோரின் வாடை என்று சொல்வதில், இதற்குப் பெரிய பங்கு உண்டு. குளத்தில் போட்ட ஹைப்போகுளோரஸ் அமிலம் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா போன்றவற்றோடு சேர்ந்து, மேலே சொன்ன வினையின் எதிர்த்திசையில் போய் இதை உண்டாக்குகிறது.

நைட்ரஜன் ட்ரைபுளூரைடு ஏன் வினைபுரியவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. புளூரின்தான் எல்லாவற்றையும்விட எலக்ட்ரானை இழுப்பது, ஆக்சிஜன் அதைத் தாக்க வழியில்லை. நைட்ரஜனோ நிறைந்த அணு. நைட்ரஜனின் தனித்த இரட்டையையும் புளூரின் இறுக்கி வைத்திருப்பதால் ஹைட்ரஜனைப் பிடிக்கவும் அதற்குத் தெம்பில்லை. மூன்று கதவும் மூடியாயிற்று.

பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் ஒரு சின்னக் கவனம் வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் வினை பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடோடு நிற்கும், நிறைய இருந்தால் ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம் வரை போகும். கேள்வித்தாளில் "ஈரக்காற்றில்" என்று இருக்கிறதா, "அதிக நீருடன்" என்று இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

புளூரைடுகளில் இன்னொரு திருப்பம். சிலிக்கன் டெட்ராபுளூரைடு தண்ணீரோடு வினைபுரிகிறது, ஆனால் குளோரைடைப் போல முழுவதும் சிலிக்காவாக மாறுவதில்லை. வெளியே வந்த புளூரைடை மீதமிருக்கும் சிலிக்கன் டெட்ராபுளூரைடே வாங்கிக்கொண்டு, ஆறு புளூரின் கொண்ட ஹெக்சாபுளூரோசிலிசிக் அமிலம் ஆகிவிடும். போரான் ட்ரைபுளூரைடும் இப்படியே ஒரு பகுதி போரிக் அமிலமும் மறுபகுதி புளூரோபோரிக் அமிலமும் தருகிறது. குளோரின் உருவத்தில் பெரியது, சிலிக்கனைச் சுற்றி ஆறு குளோரின் உட்காருவது கஷ்டம். இங்கேயும் இடம்தான்.

கடைசியாக, தேர்வில் என்ன எழுதுவது? பாடப்புத்தகம் டி ஆர்பிட்டால் என்று சொன்னால், திருத்துபவரும் அதைத் தேடுவார், மதிப்பெண்ணை விட வேண்டாம். "கார்பனால் நான்குக்கு மேல் அணைவு எண்ணைப் பெற முடியாது, அதில் எலக்ட்ரான் இரட்டையை ஏற்கும் காலி டி ஆர்பிட்டால் இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "மேலும் சிறிய கார்பனைச் சுற்றி நான்கு குளோரின்கள் நெருங்கி இருப்பதால் நீர் அணுக முடியாது, சிலிக்கன் பெரியது, அதிக நேர்மின் தன்மை கொண்டது" என்று சேருங்கள். (அணைவு எண் என்பது நடு அணுவைச் சுற்றிப் பிணைந்திருக்கும் அணுக்களின் எண்ணிக்கை.) முதல் வரி மதிப்பெண்ணுக்கு, இரண்டாவது வரி உண்மைக்கு. நைட்ரஜன் ட்ரைகுளோரைடு கேட்டால் எலக்ட்ரானை ஏற்பது குளோரின் என்று எழுதுங்கள். குளோரினிலும் 3டி காலியாக இருப்பதால் என்று பாடம் சொல்லும். அந்தக் காரணத்தை நீங்கள் இப்போது வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறீர்கள், ஆனால் தாக்கப்படும் அணு குளோரின் என்பதில் இரண்டு விளக்கத்துக்கும் வேறுபாடு இல்லை.